கிலோமீட்டர் தருகிறோம், தடத்தைக் கேட்காதீர்கள்: காப்பீட்டு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம்,
ஹைதராபாத்.

ஐயா, அம்மா, வணக்கம்.

நாமக்கல்லில் பொதுக் காப்பீடு பார்க்கும் முகவர்களில் நானும் ஒருவன். லாரித் தொழில் நடக்கிற ஊர் என்பதால் பாலிசி, கிளைம், சர்வேயர் என்ற பேச்செல்லாம் இங்கே டீக்கடையிலேயே நடக்கும். உங்களுக்கு நேரடியாக எழுதும் தேவை எனக்கு இதுவரை வந்ததில்லை. இப்போது வந்திருக்கிறது. அதுவும் லாரிக்காரர்களுக்காக அல்ல, வீட்டு வாசலில் ஒரு கார் நிறுத்தி வைத்திருக்கும் சாதாரண ஆட்களுக்காக.

2022 ஜூலை 6 அன்று மோட்டார் காப்பீட்டில் தொழில்நுட்பம் சார்ந்த ஆட்-ஆன்களுக்கு, அதாவது பாலிசியோடு சேர்த்து வாங்கும் கூடுதல் வசதிகளுக்கு, அனுமதி கொடுத்தீர்கள். ஓட்டுகிற தூரத்துக்கு ஏற்ற ப்ரீமியம், ஓட்டுகிற விதத்துக்கு ஏற்ற ப்ரீமியம், ஒரே உரிமையாளரின் கார்களுக்கும் டூ வீலர்களுக்கும் சேர்த்து ஒரு பாலிசி. 2024 ஜூனில் வந்த முதன்மைச் சுற்றறிக்கையிலும் இந்த மாதிரித் திட்டங்களை வாடிக்கையாளர் முன் எடுத்து வைக்கச் சொன்னீர்கள். சரி. ஆனால் வண்டியிலிருந்தும் போனிலிருந்தும் நிறுவனம் எந்தத் தரவை எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது, எத்தனை நாள் வைத்திருக்கலாம், கிளைம் நேரத்தில் அதை நம் முன்னால் நீட்டலாமா? இந்தத் திட்டங்களுக்கென்று அப்படி ஒரு வரம்பை நீங்கள் போட்டு நான் பார்க்கவில்லை. கேட்க வந்தது அதைத்தான்.

திட்டத்தையே குறை சொல்ல வரவில்லை. சேந்தமங்கலத்தில் எனக்கு ஒரு வாடிக்கையாளர், ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருடைய கார் குலதெய்வம் கோயிலுக்கும் சேலத்தில் மகள் வீட்டுக்கும் கண் டாக்டரிடமும் போய்வருவதோடு சரி. தினமும் ஈரோட்டுக்கு ஓடுகிற முட்டை வியாபாரியும் அதே மாடல், அதே வருடத்துக் கார் வைத்திருந்தால் இருவரும் கிட்டத்தட்ட ஒரே ஓன் டேமேஜ் (சொந்த வண்டியின் சேதத்துக்கான) ப்ரீமியம்தான் கட்டிவந்தார்கள். நோ கிளைம் போனஸ் ஐந்து வருடத்தில் 50 சதவீதம் வரை ஏறும் என்பார்கள். அது கிளைம் போடாததற்குக் கொடுப்பது, வண்டியை எடுக்காததற்கு அல்ல. ஆசிரியரின் பணத்தில் ஒரு பங்கு வியாபாரியின் ரிஸ்க்குக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யும் திட்டம் வந்தபோது நானே நாலு பேரிடம் சந்தோஷமாகச் சொன்னேன்.

தள்ளுபடி எதன் மேல் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேர்டு பார்ட்டி ப்ரீமியம், அதாவது நம் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது, அரசு வைப்பது. 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரையிலான காருக்கு 2022 ஜூன் முதல் ரூ.3,416 என்று நிர்ணயித்தார்கள். இந்தத் திட்டத்தால் அதில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. பழைய காருக்கு ஐடிவி (பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு) இறங்கி, போனஸும் கழிந்தபின், ஓன் டேமேஜ் பகுதி பல நேரம் அதைவிடக் கம்மியாக நிற்கும். அந்த மிச்சத்தில் ஒரு துண்டைத்தான் தள்ளுபடி என்று கொடுக்கிறார்கள். பதிலுக்கு என்ன வாங்குகிறார்கள் என்று பார்த்தால் கணக்கு உதைக்கிறது.

தூரத்தை அளக்க எளிய வழி ஏற்கெனவே இருக்கிறது. பாலிசி போடும் அன்று ஓடோமீட்டரை ஒரு போட்டோ, வருடம் முடியும்போது இன்னொரு போட்டோ. இரண்டையும் கழித்தால் ஓடிய தூரம். சில திட்டங்கள் இப்படித்தான் நடக்கின்றன, அவற்றில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. வேறு சில திட்டங்கள் காரின் ஓபிடி போர்ட்டில் (மெக்கானிக் கோளாறு பார்க்கக் கருவி மாட்டும் இடத்தில்) ஒரு கருவியைச் செருகச் சொல்கின்றன, அல்லது போனில் ஒரு ஆப்பை ஏற்றச் சொல்கின்றன.

அந்த ஆப்பை ஏற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவன் நான். முதலில் இருப்பிட அனுமதி கேட்கும். ‘ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்’ என்று தட்டினால், இது வேலை செய்யாது, ‘எப்போதும்’ என்று மாற்றுங்கள் என்று மறுபடி அதே திரைக்குக் கூட்டிப்போகும். அடுத்து உடல் அசைவு அனுமதி. அடுத்து, பேட்டரி சேமிப்பு வசதி இந்த ஆப்பை நடுவில் நிறுத்திவிடாமல் இருக்க அதையும் அணைக்கச் சொல்லும். கடைசியில் ஆங்கிலத்தில் நீளமான நிபந்தனைகள். அதில் ‘குழும நிறுவனங்கள், கூட்டாளிகள், சேவை வழங்குநர்கள்’ என்று ஒரு வரி வரும். யார் அந்தக் கூட்டாளிகள் என்று வாடிக்கையாளர் கேட்டால் எனக்கும் தெரியாது, கிளை மேலாளருக்கும் தெரியாது. “எல்லாரும் ஓகே குடுக்கறாங்கண்ணா, நாமளும் குடுத்துடலாம்” என்று அவரே தட்டிவிடுவார். சட்டம் சொல்லும் சம்மதம் எங்கள் பக்கம் இந்த லட்சணத்தில்தான் வாங்கப்படுகிறது.

எப்போதும் இருப்பிடம் என்றால் காருக்கு மட்டுமல்ல, பாக்கெட்டில் இருக்கும் போனுக்கும்தான். எந்த மருத்துவமனை வாசலில் மாதம் ஒருமுறை நிற்கிறார், எந்தக் கட்சிக் கூட்டத்துக்குப் போனார், வெள்ளிக்கிழமை எந்தத் தெருவில் இருக்கிறார், இரவு எந்த வீட்டில் தங்குகிறார் என்பது அத்தனையும் அதில் வரும். ஒருவரின் ஊர், சாதி, மதம், உடல்நலம், உறவு எதையும் கேட்காமலே ஊகித்துவிடலாம். மோட்டார் பாலிசி போடுகிற நிறுவனமே ஹெல்த் பாலிசியும் விற்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

அமெரிக்காவில் இது எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் ஆன்ஸ்டார் ஸ்மார்ட் டிரைவர் என்று ஒரு வசதி இருந்தது. நன்றாக ஓட்டக் கற்றுக்கொள்ள உதவும் என்று சொல்லித்தான் அதைக் கொடுத்தார்கள். 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட செய்திக்குப் பிறகுதான், அதில் சேர்ந்த விவரங்கள் லெக்சிஸ்நெக்சிஸ், வெரிஸ்க் என்ற தரவு நிறுவனங்களுக்குப் போய், அங்கிருந்து காப்பீட்டு நிறுவனங்களின் கைக்கு எட்டியது பலருக்குத் தெரிந்தது. சியாட்டில் பக்கம் செவ்ரோலே போல்ட் ஓட்டிய ஒருவருக்குக் காப்பீடு 21 சதவீதம் ஏறியது. ஏன் என்று தேடிப்போனவருக்கு லெக்சிஸ்நெக்சிஸிடமிருந்து 258 பக்க அறிக்கை வந்தது. ஆறு மாதத்தில் அவரும் மனைவியும் அந்தக் காரில் போன 640 பயணங்கள், ஒவ்வொன்றும் கிளம்பிய நேரம், நின்ற நேரம், தூரம், திடீர் பிரேக், வேகக் கணக்கோடு. இந்த விவரமெல்லாம் இப்படிப் பகிரப்படும் என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

அந்நாட்டு மத்திய வணிக ஆணையம் 2025 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் மேல் நடவடிக்கை எடுத்தது. சில நேரம் 3 நொடிக்கு ஒருமுறை வண்டியின் இருப்பிடம் பதிவானது என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. ஓட்டும் விதம் பற்றிய விவரங்களையும் இருப்பிடத்தையும் நுகர்வோர் அறிக்கை நிறுவனங்களுக்கு ஐந்து வருடம் கொடுக்கக் கூடாது என்று தடை வந்தது. அதே மாதம் டெக்சாஸ் அரசு வழக்கறிஞர் ஆல்ஸ்டேட் என்ற காப்பீட்டு நிறுவனத்தின் மேலும் அதன் துணை நிறுவனம் அரிட்டி மேலும் வழக்குப் போட்டார். மற்றவர்களின் போன் ஆப்களுக்குள் ஒரு சின்ன நிரலைச் செருகி, நாலரைக் கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் நடமாட்டத்தைச் சேர்த்தார்கள் என்பது வழக்கு. அங்கே எல்லாம் நடந்து முடிந்தபின் ஆணையம் ஓடிவந்தது. இங்கே இன்னும் ஆரம்பக் கட்டம், முன்கூட்டியே செய்ய உங்களுக்கு அவகாசம் இருக்கிறது.

நம் ஊரில் அப்படி நடக்காது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாகனப் பதிவையும் ஓட்டுநர் உரிமத்தையும் வைத்திருக்கும் வாஹன், சாரதி தரவுத்தளங்களை 87 தனியார் நிறுவனங்களுக்கும் 32 அரசு அமைப்புகளுக்கும் திறந்துவிட்டு ரூ.65 கோடி வந்ததாக 2019-ல் மாநிலங்களவையிலேயே அரசு சொன்னது. தனியுரிமைப் பிரச்சினை என்று அடுத்த வருடம் அந்தக் கொள்கையைக் கைவிட்டார்கள். போன தரவு திரும்பி வந்ததாகச் சேதி இல்லை. 2024-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆவணங்கள் டெலிகிராம் ஆப்பின் பாட்களில் (தானாகப் பதில் தரும் நிரல்களில்) கேட்டவருக்குக் கேட்டபடி கிடைத்தன, நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்க வேண்டியிருந்தது. மருத்துவ ரிப்போர்ட்டுகளுக்கே அந்தக் கதி என்றால், நாள் தவறாமல் சேரும் இருப்பிடப் பதிவுகளை யார் காவல் காப்பது?

அடுத்தது மதிப்பெண். ஓட்டும் விதத்தை அளக்கும் ஆப் எதைப் பார்க்கிறது? வேகம், திடீர் பிரேக், திடீர் முடுக்கம், வளைவில் திரும்பும் வேகம், ஓட்டும்போது போனைத் தொடுவது, இரவில் எத்தனை மணிக்கு ஓட்டுகிறார் என்பது. அமெரிக்காவின் புரோகிரசிவ் காப்பீட்டு நிறுவனத் திட்டத்தில் ஒரே நொடியில் மணிக்கு 7 மைல், நம் கணக்கில் சுமார் 11 கிலோமீட்டர் வேகம் குறைந்தால் அது திடீர் பிரேக். அந்த ஊர் நெடுஞ்சாலைக்குச் சரியாக இருக்கலாம். காரவள்ளியில் தொடங்கி கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குகிறவருக்கு? பெயின்ட் அடிக்காத வேகத்தடை எங்கள் கிராமச் சாலைகளில் எங்கே முளைக்கும் என்று போட்டவருக்கே தெரியாது. நடுவில் ஆடு வந்தால் பிரேக் அடிப்பவர்தான் நல்ல டிரைவர், ஆப்பின் கணக்கில் அவருக்குத்தான் மதிப்பெண் குறையும். நைட் டியூட்டி முடித்து ராத்திரி இரண்டு மணிக்கு வீடு திரும்பும் நர்சுக்கும், குடித்துவிட்டு அதே நேரத்தில் ஓட்டுகிறவனுக்கும் கடிகாரம் ஒரே மதிப்பெண்தான் கொடுக்கும்.

நான் மதிப்பெண்ணுக்கே எதிரி இல்லை. 2022-ல் மட்டும் நாட்டில் சாலை விபத்தில் 1,68,491 பேர் போனார்கள். விபத்து எண்ணிக்கையில் அந்த வருடம் தமிழ்நாடுதான் முதலிடம், 64,105. ஓட்டும்போது போனை நோண்டினால் காசு போகும் என்று தெரிந்து நாலு இளைஞர்கள் அடங்கினால் நல்லதுதானே. ஆனால் அந்த மதிப்பெண்ணை எப்படிப் போடுகிறார்கள் என்று ஆணையத்துக்காவது தெரிய வேண்டும். குறைந்தால் ஏன் குறைந்தது என்று வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும். மறுத்துப் பேச ஒரு வழி வேண்டும். இன்று என்னிடம் வந்து கேட்டால் ‘சிஸ்டம் அப்படிக் காட்டுதுங்க’ என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

எனக்கு உண்மையில் தூக்கம் கெடுவது கிளைமை நினைத்துத்தான். மோட்டார் பாலிசி நிபந்தனையில், வண்டியைச் சேதத்திலிருந்து காக்க நியாயமான நடவடிக்கை எல்லாம் எடுக்க வேண்டும் என்று ஒரு வரி உண்டு. நாளைக்கு நாமக்கல் பைபாஸில் ஒருவர் கார் தடுப்பில் மோதுகிறது என்று வையுங்கள். மோதுவதற்கு முந்தைய பத்து நொடியில் வேகம் இவ்வளவு, போன் திரை ஒளிர்ந்தது என்று நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. அந்த வரியையும் இந்தப் பதிவையும் சேர்த்து வைத்து கிளைமைக் குறைக்கவோ மறுக்கவோ மாட்டார்கள் என்று என்ன உத்தரவாதம்? தள்ளுபடிக்காக என்று கொடுத்த தரவு அவருக்கே எதிரான சாட்சியாகிவிடும். சம்மதத் திரையில் இதை யாரும் சொல்வதில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் விபத்துத் தீர்ப்பாயத்தில் இதே பதிவைக் கேட்டால் கொடுப்பார்களா என்பதும் தெரியாது.

இன்னொன்று, பாலிசி வண்டிக்கும் உரிமையாளருக்கும். ஓட்டுவது யாரோ. அப்பா பெயரில் கார், மகன் ஓட்டுகிறான், சில நாள் மருமகள், வெளியூர் என்றால் ஆக்டிங் டிரைவர். சம்மதம் கொடுத்தது அப்பா ஒருவர். தடம் பதிவாவது நாலு பேருடையது. மருமகள் எங்கே போய் எத்தனை நேரம் நின்றாள் என்பது மாமனாரின் போனில் வரைபடமாகத் தெரிகிற ஆப்பை, காப்பீடு என்ற பெயரில் வீட்டுக்குள் அனுப்புகிறோம். நம் குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

இதற்கெல்லாம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2023 ஆகஸ்ட்டில் வந்த அந்தச் சட்டம் பல இடங்களில் நன்றாகவே பேசுகிறது. நோக்கத்துக்குத் தேவையான தரவை மட்டுமே சம்மதத்தின் பேரில் எடுக்கலாம் என்கிறது. சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது. அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றில், ஆகவே தமிழிலும், படிக்கும் வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. வேடிக்கை என்னவென்றால், செல்லாத சம்மதத்துக்கு அந்தச் சட்டமே கொடுக்கும் உதாரணம் ஒரு காப்பீட்டு ஆப்தான். பாலிசி வாங்கும்போது, தரவுப் பாதுகாப்பு வாரியத்தில் புகார் செய்யும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக வாடிக்கையாளரிடம் எழுதி வாங்கினால் அது செல்லாது என்று. எழுதியவர்களுக்கு எங்கள் துறையைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இருந்திருக்கிறது.

ஆனால் விதிகள் வெளியானது 2025 நவம்பரில். நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அமலுக்கு வர 18 மாதம், அதாவது 2027 மே. அதுவரை சேருகிற பயணப் பதிவுகள்? மேலும் அந்தச் சட்டம் இருப்பிடத் தரவைத் தனி வகையாக வைத்துக் கூடுதல் காவல் போடவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பழைய 2011 விதிகளின் அந்தரங்கத் தரவுப் பட்டியலிலும் கடவுச்சொல், வங்கி விவரம், உடல்நலம், கைரேகை எல்லாம் உண்டு, இருப்பிடம் இல்லை. கணினி போட்ட மதிப்பெண்ணுக்கு விளக்கம் கேட்கும் உரிமையும் சட்டத்தில் தனியாக இல்லை. பொதுச் சட்டம் எல்லாத் துறைக்கும் சேர்த்து எழுதப்பட்டது. காப்பீட்டில் ‘தேவையான தரவு’ எது என்று வரையறுக்க வேண்டியது உங்கள் மேசை.

விரும்பினால்தானே சேர்கிறார்கள் என்பது கேட்கச் சரியாக இருக்கும் வாதம். குறைவாக ஓட்டுகிறவர்களும் நிதானமாக ஓட்டுகிறவர்களும் முதலில் இதில் சேர்வார்கள். அவர்கள் போனபின் சாதாரணத் திட்டத்தில் மிஞ்சுகிறவர்களின் சராசரி ரிஸ்க் ஏறும், ப்ரீமியமும் ஏறும். ஆப்பை மறுக்கிறவர் நல்ல டிரைவராகவே இருந்தாலும் ‘மறைக்க ஏதோ இருக்கிறது’ என்ற கணக்கில் அதிகம் கட்டுவார். 2007-ல் ஓன் டேமேஜ் விலையைச் சந்தைக்கு விட்ட பிறகு, யாருக்கு எவ்வளவு தள்ளுபடி என்பது நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. இன்றைய தள்ளுபடி நாளைக்கு மற்றவர்கள் கட்டும் அபராதமாக மாறுவதற்குச் சில வருடம் போதும். அந்தரங்கம் வேண்டும் என்றால் காசு கொடு என்று ஆகிவிடும். 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து தனியுரிமை அடிப்படை உரிமை என்று சொன்ன நாட்டில் இப்படி ஆகக் கூடாது.

நான் கேட்பது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை. கலிபோர்னியாவில் 1988-ல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த புரொபோசிஷன் 103-ன்படி வருடத்தில் ஓட்டும் தூரம் ப்ரீமியத்தின் முக்கியக் காரணிகளில் ஒன்று. தூரத்தைச் சரிபார்க்க நிறுவனம் கருவி வைக்கலாம், ஆனால் அதைக் கொண்டு வண்டி இருக்கும் இடத்தைச் சேகரிக்கக் கூடாது என்று அந்த மாநில விதி சொல்கிறது. தூரத்துக்கான ஆட்-ஆனில் இருப்பிடம் கேட்கவே கூடாது என்ற ஒற்றை வரியை நீங்களும் போடலாம்.

ஓடோமீட்டரைத் திருத்திவிடுவார்களே என்று நிறுவனங்கள் சொல்லும். திருத்துகிறவன் இருக்கிறான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு சர்வீஸ் பில்லிலும் கிலோமீட்டர் அச்சாகிறது. பாலிசி விட்டுப்போன வண்டிக்கு இன்ஸ்பெக்‌ஷன் போகும்போது மீட்டரையும் சேர்த்துப் போட்டோ எடுப்பது எங்களுக்குப் பழகிய வேலை. கிளைம் வந்தால் சர்வேயர் ரீடிங்கைக் குறித்துத்தான் ஆக வேண்டும். பொய் சொன்னவர் அங்கே மாட்டுவார். சில பேர் ஏமாற்றுவார்கள் என்பதற்காக ஊரிலுள்ள எல்லாருடைய பின்னாலும் ஆள் அனுப்ப முடியாது.

ஓட்டும் விதத்துக்கான திட்டத்தில் உணரிகள் தேவைதான். அங்கே கணக்கை போனுக்குள்ளேயே போட்டு, மாதத்துக்கு ஒரு மதிப்பெண்ணை மட்டும் நிறுவனத்துக்கு அனுப்பட்டும். இன்றைய போன்களுக்கு அது பெரிய வேலை இல்லை. மூலப் பதிவு சர்வருக்குப் போகவே வேண்டாம், போயிற்று என்றால் ப்ரீமியம் முடிவானதும் அழிக்க நாள் குறியுங்கள். வாடிக்கையாளரே கேட்டாலொழிய அதைக் கிளைமில் பயன்படுத்தத் தடை போடுங்கள். ஹெல்த் பிரிவுக்கும் கடன் கொடுக்கும் குழும நிறுவனத்துக்கும் விளம்பரக்காரர்களுக்கும் போகக் கூடாது என்று பெயர் சொல்லியே எழுதுங்கள், ‘கூட்டாளிகள்’ என்ற சொல்லுக்குள் யானையே நுழைந்துவிடும். மோசமான மதிப்பெண் வந்தால் தள்ளுபடி கிடைக்காமல் போகலாம், அடிப்படை ப்ரீமியத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. ஆப்பை நடுவில் நீக்குகிறவரின் பாலிசி அப்படியே தொடர வேண்டும், மிச்ச நாளுக்கான தள்ளுபடி மட்டும் போகட்டும்.

சம்மத விவரம் தமிழில், ஒரே பக்கத்தில், பாலிசியோடு வரும் வாடிக்கையாளர் தகவல் தாளிலேயே இருக்கட்டும். என்ன எடுக்கிறோம், யாருக்குத் தருகிறோம், எப்போது அழிக்கிறோம். மூன்று வரி. அதைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவதை முகவர்களாகிய எங்கள் கடமையாகவே வையுங்கள், நாங்கள் செய்கிறோம். உங்கள் புகார் தளமான பீமா பரோசாவில் புகார் வகைகளோடு பயணத் தரவுக்கும் மதிப்பெண்ணுக்கும் ஒரு வகை சேர்த்தால், எத்தனை பேருக்கு இந்தச் சிக்கல் என்று உங்களுக்கே எண்ணிக்கை கிடைக்கும்.

இதெல்லாம் 2027 மே வரை காத்திருக்க வேண்டிய விஷயம் இல்லை, ஒரு சுற்றறிக்கையில் முடியும். அதுவரை நான் மீட்டர் போட்டோ கேட்கும் திட்டங்களை மட்டும் பரிந்துரைக்கிறேன். ஆப் திட்டம்தான் வேண்டும் என்று வருகிறவரிடம் அனுமதித் திரைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டிவிட்டு அவர் விருப்பத்துக்கு விடுகிறேன். வழக்கம்போல வரைவு வெளியிட்டுக் கருத்துக் கேட்பீர்கள் என்று நம்புகிறேன். கேட்கும்போது தமிழிலும் எழுதி அனுப்பலாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், சேந்தமங்கலத்து ஆசிரியரும் எழுதத் தயாராக இருக்கிறார்.

இப்படிக்கு,
பொதுக் காப்பீட்டு முகவர் ஒருவர்,
நாமக்கல்.